கேப்டன் வெஸ்னாவின் ஜிப்

ஜூன் 4, செவ்வாய்

இன்று அடுப்பு முறை என்னுடையது. வழக்கம்போல் கிரிமால்டாவிடம் தள்ளிவிட்டேன். பதிலுக்கு அவள் பங்கு உருளைக்கிழங்கை நான் உரித்தேன். முற்றத்தில் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டால் வேலை ஓடிவிடும்.

லிமா ஓரத்து இந்த மேட்டில் எங்கள் பொதுச் சமையல்கூடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. அன்றைக்கு அடுப்பில் நிற்கிறவள் கையில்தான் ரிமோட். தலைவி ஒதிலியாவே ஆனாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கிரிமால்டா ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவள். கணுக்கால் வரை பாவாடை, வாயைத் திறந்தால் வசனம். பதினோரு மணிக்கு ‘தொலைவின் மகள்கள்’ ஆரம்பித்ததும், கர்த்தாவே என்ன கண்றாவி இது என்று சொல்லிக்கொண்டே சத்தத்தைக் கூட்டினாள்.

முதுகைத் திருப்பலாம். காதை எங்கே திருப்புவது?

ஜூன் 6, வியாழன்

இதை எழுதச் சொன்னது சுகாதார நிலையத்து நர்ஸ். பேச முடியாததை எழுதுங்கள் அம்மா என்றாள். பேச முடியாதது என்று எனக்கு ஒன்றும் இருந்ததில்லை, அதுதான் இந்த மேட்டில் எல்லாருக்கும் என்னிடம் உள்ள குறை. ஆனால் நொரெலியைப் பற்றி ஆரம்பித்தால் மட்டும் பேச்சைக் கிழங்கு விலைக்கு மாற்றிவிடுகிறேன். சரி, எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து. யாரும் படிக்கப் போவதில்லை.

நொரெலி என் மகள். ஒரே மகள். சிறுநீரகம் இரண்டும் போய், போன நவம்பரில் இறந்துபோனாள்.

அந்தத் தொடர் ராத்திரியில் வந்த காலத்தில் நானும் அவளும்தான் முதலிலிருந்து பார்த்தோம். கதை இதுதான். விண்ணில் ஒரு கப்பல். ஏதோ நோய் வந்து ஆண்கள் எல்லாரையும் பனிப்பெட்டியில் படுக்க வைத்துவிடுகிறார்கள். கப்பலை ஓட்டுவது, பழுது பார்ப்பது, சண்டை போடுவது எல்லாம் பெண்கள். ஆண்கள் தூங்குகிறார்கள். முதல் நாள் பார்த்துவிட்டு நான் கேட்டேன், இதில் விண்வெளி எங்கே வருகிறது, இது நம் தெருக் கதைதானே என்று. நொரெலி சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தாள். அவள் அப்பா தெற்கே சுரங்கத்துக்குப் போனவர் வீடு திரும்பாமல் அங்கேயே உறைந்துவிட்டார், பெட்டியைத் திறக்க ஆளில்லை.

கேப்டன் பெயர் வெஸ்னா. உடம்போடு ஒட்டின வெள்ளி உடுப்பு, கழுத்திலிருந்து தொப்புள் வரை ஒரு ஜிப். கப்பலுக்கு ஆபத்து வந்தால் அந்த ஜிப் இறங்கும். நெருப்புப் பிடித்தாலும் இறங்கும், குளிரில் உறைந்தாலும் இறங்கும். “மம்மா, ஆபத்து வருது, ஜிப்பைப் பாரு” என்பாள் நொரெலி.

கடைசிப் பாகம் எங்கள் சேனலில் வரவே இல்லை, அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு இப்போது பகலில் மறுபடி முதலிலிருந்து ஓட்டுகிறார்கள். நொரெலி சந்தையில் திருட்டு டிஸ்க் வாங்கி வந்தாள். அடுத்த நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் வந்த பிறகு சேர்ந்து பார்ப்போம், தனியாகப் பார்த்தால் கொன்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டிஸ்க் அவள் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

கூட்டம். கூடத்தின் முன்சுவருக்கு மாதா கோயில் சாமியார் பெயின்ட் தருகிறாராம். வரைகிறவள் லிஸ்பெத். ஒதிலியாவின் மகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தாய் நான்தான், ஞானம்மா என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். அவளும் நொரெலியும் ஒரே பெஞ்சில் வளர்ந்தவர்கள். என்ன வரைவது? ‘துணிச்சலான பெண்’ வேண்டும் என்கிறார் சாமியார்.

ஒதிலியா எழுந்து, ஒரு தாய், இடுப்பில் குழந்தை, முன்னால் பானை என்றாள். பின்னாலிருந்து யாரோ, இந்த மலை முழுக்க எல்லாக் கூடத்துச் சுவரிலும் அதே தாய் அதே பானையைத்தான் கிண்டுகிறாள், இன்னும் வெந்தபாடில்லை என்றார்கள். எங்கள் கூட்டத்தில் முறை தவறிப் பேசினால் வெங்காயம் உரிக்க வேண்டும். பேசினது யார் என்று ஒதிலியா தேடினாள். எல்லாரும் கூரையைப் பார்த்தோம்.

அப்போது கிரிமால்டா கை தூக்கினாள். முறைப்படி. எழுந்து நின்று, பாவாடையைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து—

“கேப்டன் வெஸ்னா.”

ஒதிலியாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அம்மணக்குண்டியைச் சுவரில் வரைந்தால் சாமியார் பெயின்டோடு சேர்த்து நம்மையும் தூக்கி எறிவார் என்றாள். அம்மணமில்லை, ஜிப் இருக்கிறது என்றாள் கிரிமால்டா. இருந்து என்ன பிரயோசனம் என்றாள் ஒதிலியா. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாளைக்கு வெங்காயம் உரிக்க ஆள் பஞ்சமில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நொரெலிக்குப் பிடித்த தொடர் என்று தெரியாதவர் இங்கே யாரும் இல்லை.

ஜூன் 13, வியாழன்

லிஸ்பெத் சுவரை அளக்க வந்தாள். தொடர் ஓடிக்கொண்டிருந்தது. முற்றத்தில் என் பக்கத்தில் குந்தி ஒரு கத்தியை எடுத்துக்கொண்டாள். கிழங்கு உரிக்கிறாயா செதுக்குகிறாயா என்று கேட்டேன், பாதி கிழங்கு தோலோடு போகிறது.

அவளுக்கு இந்தத் தொடர் ஆகாது. பெண்கள் கதை என்று பெயர், எழுதினவனும் எடுத்தவனும் காசு பார்த்தவனும் ஆண்கள் என்றாள். பெண்ணுக்குக் கப்பலைக் கொடுத்த மாதிரி கொடுத்துவிட்டு, அவள் உடம்பை வைத்து வியாபாரம். இதற்குப் பெயர் சுரண்டல்.

“கதையை விடுங்க ஞானம்மா. கேமரா எங்கேருந்து ஏறுதுன்னு மட்டும் ஒரு தடவ பாருங்க.”

ஏழு மாதமாகத் திரும்பாதவள் திரும்பினேன். வெஸ்னா கப்பலுக்குள் வருகிறாள். பூட்ஸ். தொடை. இடுப்பு. ஜிப். ஒரு வழியாக முகம். அதற்குள் அவள் பாதிக் கட்டளை கொடுத்து முடித்துவிட்டாள்.

அடுத்தவள் வருகிறாள். மறுபடியும் பூட்ஸிலிருந்து. பனிப்பெட்டியில் கிடக்கிற ஆண்களைக் காட்டும்போது மட்டும் நேரே முகம்.

அத்தனை நாள் பார்த்தேனே, எப்படிக் கண்ணில் படாமல் போனது?

ஜூன் 14, வெள்ளி

இன்றும் பூட்ஸ், தொடை, இடுப்பு, ஜிப். அந்தப் பெண் என் கண்ணைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 17, திங்கள்

மறுபடி கூட்டம். லிஸ்பெத்தைப் பேசக் கூப்பிட்டார்கள். நன்றாகத்தான் பேசினாள். கேமராவைப் பற்றிச் சொன்னதும் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒதிலியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்படியானால் தாயும் பானையும் முடிவு என்று எழப் பார்த்தாள். லிஸ்பெத் விடவில்லை. அம்மா, பானையும் சுரண்டல்தான் என்றாள். சம்பளமில்லாமல் வருடக்கணக்காக ஊருக்குச் சமைக்கிறீர்கள், அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்துச் சுவரில் படம் போட்டு முடித்துவிடுகிறார்கள் என்று ஆரம்பித்தாள். ஒதிலியாவின் பெருமை அப்படியே இறங்கியது. உன் படிப்பு இந்தப் பானையில்தான்டி வெந்தது என்று கத்தினாள். தலைவிக்கும் வெங்காயம் உண்டா என்று யாரோ கேட்டார்கள்.

நான் கை தூக்கினேன். எனக்கே ஆச்சரியம்.

“ஜிப்பும் சுரண்டல், பானையும் சுரண்டல்னா, நாங்க எதப் போட்டுக்கிட்டு எதப் புடிச்சுக்கிட்டுடி சுவத்துல நிக்கிறது?”

கூடமே சிரித்தது. லிஸ்பெத்தும் சிரித்தாள், அதைத்தான் நானும் ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன் ஞானம்மா என்றாள். அதோடு விட்டிருந்தால் நல்ல கூட்டம். அடுத்த வாக்கியம்தான் கெட்டது. இந்த மாதிரிக் கதைகளை நம்பி ஏமாறுவது நம் பெண்கள்தான், இது நமக்காக எடுத்தது என்று நினைத்துவிடுகிறார்கள் என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன்.

அதே நாள்

ஏமாந்தவளா? எம்பொண்ணா? பகல்ல கடை வேல, சாயங்காலம் நர்ஸ் படிப்பு, வாரத்துல மூணு நாள் அந்த மெஷின்ல படுத்து ரத்தத்தக் கழுவிட்டு வருவா. வந்து ஒரு மணி நேரம் அந்தக் கேப்டனப் பாப்பா. அது ஏமாத்தா? அப்ப அவ எதப் பாத்திருக்கணும், ஜெபக்கூட்டமா?

படத்தைப் பார்த்தும் திட்டினேன். நீயாவது அந்தக் கேமராவப் பத்தி எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி. தெரிஞ்சிருக்குமே உனக்கு. உனக்குத் தெரியாதது என்ன—

தெரிந்திருக்குமா? இல்லையா? கேட்க ஆளில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூன் 19, புதன்

கூடத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். தலை நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

ஒதிலியா சூப்போடு படியேறி வந்தாள். கோழிக்கால் சூப். வாசலிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு, “என்னடி, செத்துத் தொலஞ்சியான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றாள். சொன்ன பிறகுதான் எந்த வீட்டு வாசலில் நின்று என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. சூப்பைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, பிடித்துக்கொண்டு நிற்கவும் தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கிருந்து வந்ததோ. அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம். சூப் ஆறிவிட்டது. உப்பு கம்மி. சொன்னேன், கோபித்துக்கொண்டு போனாள்.

ஜூன் 22, சனி

லிஸ்பெத் வந்தாள். மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு வந்ததால் கேட்க விடவில்லை, அரிசியைக் கொடுத்துப் பொறுக்கச் சொன்னேன். பொறுக்கிக்கொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரியில் நொரெலியைக் கடைசியாகப் பார்த்த அன்றும் இதே சண்டைதானாம். நொரெலி சொன்னாளாம், ஜிப் எவ்வளவு இறங்குகிறது என்பது கேள்வியே இல்லை, யார் கை இழுக்கிறது என்பதுதான் கேள்வி. வெஸ்னாவின் ஜிப்பை வெஸ்னாதான் இழுக்கிறாள், வேறு எவனும் தொட்டதில்லை என்று.

“நான் சொன்னேன், கை அவளோடதுதான், இழுன்னு சொல்றவன் கேமராவுக்குப் பின்னால உக்காந்திருக்கான்னு. அவளுக்குக் கோவம் வந்துருச்சு ஞானம்மா. நான் போட்ட சத்தத்துல நர்ஸ் என்ன வெளிய தள்ளிட்டாங்க. மறுநாள் நான் வரல. பரீட்சைன்னு காரணம் சொன்னேன். அதுக்கு மறுநாள்…”

அதற்கு மறுநாள் என்ன என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பெண் இதை இத்தனை மாதம் தனியாகச் சுமந்திருக்கிறாள். சண்டை நடந்த அன்று சாயங்காலம் நான் ஆஸ்பத்திரியில் கண்டதைச் சொன்னேன். நான் போகும்போது நொரெலி கண்ணெல்லாம் மினுங்கச் சிரித்துக்கொண்டு கிடந்தாள். கோபமா? நல்ல கோபம். லிஸ்பெத்தை நர்ஸ் தள்ளிக்கொண்டு போனதைப் படுத்தபடியே நடித்துக் காட்டினாள். எதற்குத் தள்ளினார்கள், என்ன சண்டை என்று அன்று எனக்குப் புரியவில்லை. “லிஸ்பெத் நாளைக்கு வருவா மம்மா. சண்ட பாதில நிக்குது. நல்ல பதில் ஒண்ணு வெச்சிருக்கேன்” என்றாள்.

என்ன பதில் என்று லிஸ்பெத் கேட்டாள்.

எனக்குச் சொல்லவில்லையே. உனக்காக வைத்திருந்தாள்.

அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி இரண்டு பேரும் வெகுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அரிசியில் கல்லே இல்லை.

ஜூலை 1, திங்கள்

கூட்டத்தில் கை தூக்கிச் சொன்னேன். என்னிடம் கடைசிப் பாகம் இருக்கிறது. முடிவு தெரியாமல் அவள் சுவருக்கு ஆவாளா மாட்டாளா என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது? சனிக்கிழமை சாப்பாடு பரிமாறி முடித்ததும் எல்லாருமாகப் பார்ப்போம்.

லிஸ்பெத் என்னையே பார்த்தாள். தனியாகப் பார்க்கக் கூடாது என்றுதான் நொரெலி சொன்னாள். கூடமே சேர்ந்து பார்த்தால் தனியாகாது. இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை நாள்.

பாவம் நடக்கிறதா என்று கண்காணிக்க மட்டும் வருவதாகக் கிரிமால்டா சொன்னாள். முன்வரிசை நாற்காலியில் இப்போதே தன் துண்டைப் போட்டுவிட்டாள்.

ஜூலை 6, சனி

உறையை நான் பிரிக்கவில்லை. கத்தியை லிஸ்பெத்திடம் கொடுத்தேன். கிழங்கை உரிக்கிற மாதிரி உரித்துவிடாதே என்று மட்டும் சொன்னேன்.

ஒதிலியா வீட்டு பிளேயர், கூடத்து டிவி. கூடையில் வறுத்த சோளம், சுற்றிலும் போர்வை போர்த்திய பெண்கள். வெளியே லிமாவின் ஓயாத தூறல். கதை நன்றாகத்தான் போனது. கப்பல் கடைசியில் ஒரு புது உலகத்தை எட்டுகிறது. வெயில், புல், தண்ணீர். இனி ஆண்களை எழுப்பலாம். ஆனால் பழைய விதி ஒன்று இருக்கிறதாம், பெட்டியில் தூங்குகிற பழைய கேப்டன் எழுந்ததும் வெஸ்னா அவனிடம் உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். கூடத்தில் ஒருத்தி, எழுப்பாதேடி என்று டிவியைப் பார்த்துக் கெஞ்சினாள். இன்னொருத்தி, எழுப்பு, பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்றாள்.

வெஸ்னா பனிப்பெட்டி முன்னால் வந்து நிற்கிறாள். கேமரா, நான் கவனித்தேன், இந்த ஒரு தடவை நேரே முகத்துக்குப் போனது. லிஸ்பெத்தும் கவனித்தாள், முழங்கையால் என்னை இடித்தாள். வெஸ்னா கையைத் தூக்கி ஜிப்பைப் பிடிக்கிறாள். ஜிப் நடு நெஞ்சில் இருக்கிறது. கை அதில் இருக்கிறது.

அப்படியே நின்றுவிட்டது.

படம் அசையவில்லை. டிஸ்க்கை எடுத்து ஊதினார்கள். சட்டையில் துடைத்தார்கள். ஸ்பிரிட்டில் துடைத்தார்கள். பிளேயர் தலையில் ஒதிலியா தட்டினாள், தன் மகளைத் தட்டுகிற அதே தட்டு. கிரிமால்டா கையை வைத்து ஜெபம் பண்ணினாள், நிஜமாகத்தான், கண்ணை மூடிக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே கை, அதே ஜிப். சந்தையில் வாங்கியது, எவன் எங்கே பாதியில் பிரதி எடுத்தானோ.

பிறகு சண்டை. மேலே இழுக்கப் போகிறாள், கேப்டனாகவே இருப்பாள் என்று பாதிப் பேர். கீழே இழுக்கப் போகிறாள், உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிடுவாள், இந்த உலகத்தில் அதுதான் நடக்கும் என்று மீதிப் பேர். கிரிமால்டாவுக்கு மட்டும் தனிக் கட்சி. “கீழதான் இழுப்பா. ஆனா குடுக்குறதுக்கில்ல. புது ஊருல வெயில் அடிக்குது, கண்ணு தெரியல? புழுங்கியிருக்கும்.”

லிஸ்பெத்துக்கு முடிவு தெரியும். இன்டர்நெட்டில் பார்த்துவிட்டாளாம், நொரெலியோடு சண்டை போடுவதற்காகவே. அது வெளியே வந்ததும் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

“சொல்லவா, ஞானம்மா?”

சொன்னால் முடிந்துவிடும். யார் சரி, யார் தப்பு. நொரெலி ஏமாந்தாளா இல்லையா. முடிந்த பிறகு நான் எதை வைத்து அவளோடு பேசுவது?

“வேணாம்டி. சண்ட பாதிலயே நிக்கட்டும்.”

பாதிப் பேர் என்மேல் கடுப்பில் போனார்கள். சோளத்தை மட்டும் மீதி வைக்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

கை தூக்கும் நாள். வெஸ்னாவா பானையா, இரண்டு பக்கமும் சரிசமம். தலைவியின் கைதான் மிச்சம். ஒதிலியா சொன்னாள், பனிப்பெட்டி முன்னால் அவள் நின்ற நிலை தன் மனதை விட்டுப் போகவில்லையாம். தன் வீட்டுப் பெட்டி தினமும் மத்தியானம்தான் எழுந்திருக்கிறது, எழுந்ததும் சாப்பாடு எங்கே என்கிறது என்றாள். தூக்கிவிட்டாள் கையை.

ஆனால் நிபந்தனைகள். உடுப்புக்கு மேலே நம் கூடத்து நீல ஏப்ரன். கையில் துப்பாக்கி இல்லை, அகப்பை. ஜிப் கழுத்து வரை ஏற வேண்டும், ஒரு விரல்கூடக் குறையக் கூடாது. ஏப்ரன் மறைத்தது போக மேலே தெரிகிறதல்லவா, அந்த இடம்.

கேப்டனுக்கு ஏப்ரன் போட்டால் பழைய பானைக் கதைதான் என்று லிஸ்பெத் முணுமுணுத்தாள். அவளுக்கு வெங்காயம்.

ஜூலை 20, சனி

சுவரில் கப்பல் வந்துவிட்டது. கப்பலின் ஜன்னல்களில் எல்லாம் எங்கள் மேட்டு வீடுகள். லிஸ்பெத்தின் தோழிகள் பூட்ஸிலிருந்து வரைய ஆரம்பித்தார்கள். நான் சத்தம் போட்டேன். முகத்திலிருந்து ஆரம்பிங்கடி என்றேன். லிஸ்பெத் தூரிகையைக் கீழே போட்டுச் சிரித்தாள்.

பிறகு பக்கத்தில் வந்து, மெதுவாக, முகத்துக்கு நொரெலி முகத்தை வைக்கட்டுமா என்று கேட்டாள். படம்கூடக் கையில் வைத்திருந்தாள்.

படத்தைக் கையில் வாங்கினேன், ஆசை வந்தது, உண்மைதான். ஆனால் யோசித்துப் பார்த்தேன். நாள் முழுக்க வெங்காய வாடையில் சுவரோடு சுவராக நிற்பதா அவள்? வெளியே போக வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும் என்று துடிக்கிறவள். என்னைச் சும்மா விடமாட்டாள்.

வேண்டாம் என்றேன். வெஸ்னா வெஸ்னாவாகவே இருக்கட்டும். நொரெலி எதிர்ப் பக்கத்தில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதுதான் அவளுக்குப் பிடிக்கும்.

ஜூலை 27, சனி

நாளைக்கு நாட்டுத் திருநாள், கூரையெல்லாம் கொடி. சுவர் முடிந்தது. சாமியார் வந்து வெகுநேரம் பார்த்தார். எந்தப் புனிதை இது என்று கேட்டார். கிரிமால்டா கூசாமல், தூரதேசத்துப் புனிதை சாமி என்றாள். தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்.

ஜிப் கழுத்து வரை ஏறியிருக்கிறது. பாவம், மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறாள்.

ஜூலை 30, செவ்வாய்

எல்லாரும் போன பிறகு பெயின்ட் டப்பாக்களை நான்தான் எடுத்து வைத்தேன். வெள்ளியில் கொஞ்சம், தோல் நிறத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தூரிகையும் இருந்தது.

வெஸ்னா நிற்கிற இடம் சரியாக அடுப்படிச் சுவருக்கு வெளிப்புறம். கையை வைத்துப் பார்த்தேன். கொதிக்கிறது.

இரண்டு விரல் அளவுதான். அதற்கு மேல் இல்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலையில் ஒதிலியா சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள். இந்தத் தூறலில் பெயின்ட் நிற்க மாட்டேன் என்கிறது, வழிந்துவிட்டது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கிரிமால்டா போகிற போக்கில் தன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டு, புழுக்கம் என்றாள்.

மத்தியானம் லிஸ்பெத் வந்தாள். சுவர் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். வரைந்தவள் கண்ணில் படாமல் போகுமா?

“யாரு எறக்குனது இத?”

“அவளேதான் எறக்கியிருப்பா. அடுப்படிச் சொவரு, சுடுதுல்ல.”

“அவ கையில அகப்பதான் இருக்கு. எறக்குன கை வேற யாரோடதோ. அதத்தான் ஞானம்மா நான் முதல்லேருந்து சொல்றேன்” என்று ஆரம்பித்தாள்.

இன்னொரு கை சும்மாத்தானே இருக்கிறது என்றேன். அந்தக் கையை யார் வரைந்தது என்றாள். நீதானே என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் குந்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கிழங்கை இப்போது கொஞ்சம் மெல்லிசாக உரிக்கிறாள்.

அடுத்த செவ்வாய் அடுப்பு முறை என்னுடையது. கிரிமால்டா வந்து, வழக்கம்போல் மாற்றிக்கொள்வோமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நானே நிற்கிறேன், பருப்பு வைக்கலாம் என்றிருக்கிறேன்.

ரிமோட்டை இப்போதே கொடுத்துவிடு என்றேன். பதினோரு மணிக்கு யாரும் சேனலை மாற்றக் கூடாது.